வடிகட்டியின் தோள் அளவு

அந்தப் பதிப்பகத்தில் அவரை எல்லோரும் வடிகட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மேலாளர் மட்டும் மரியாதைக்காக 'வடிகட்டி சார்' என்பார். பட்டப்பெயரின் வாலில் ஒரு சார் போட்டுவிட்டால் அது மரியாதை ஆகிவிடும் என்று நம்புகிற மனிதர். பெயர் வைத்த புதிதில் யாரோ ஒரு விஷமி டீ வடிகட்டி ஒன்றை வாங்கிவந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதில் குண்டூசிகளைப் போட்டு வைத்துக்கொண்டார்.

பெயர் சும்மா வரவில்லை. அந்தப் பதிப்பகம் கதை, கவிதை பக்கமே போகாது. குழாய் ஒழுகினால் என்ன செய்வது, தொட்டியில் செடி வளர்ப்பது எப்படி, சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது எப்படி என்று கைவேலைப் புத்தகங்களாகப் போடும். எழுதுகிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள், கணினி தெரியாதவர்கள். இடைவெளி வேண்டுமென்றால் என்டரைப் பத்துமுறை தட்டுவார்கள். அட்டவணை வேண்டுமென்றால் ஸ்பேஸ்பாரைப் போட்டு மிதிப்பார்கள். இப்படி வரும் கோப்பை ஒரு பக்கம் போட்டால், மறுபக்கம் அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று மாற்றித் தருகிற மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. நல்ல மென்பொருள்தான். ஆனால் அது ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்தது. 'எச்சரிக்கை' என்று ஆரம்பிக்கிற பத்தியைக் கட்டத்துக்குள் போட வேண்டும், அகலமான அட்டவணையைக் கைபேசிக்காக இரண்டாக வெட்ட வேண்டும் என்கிற இந்த வீட்டு வழக்கமெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த மென்பொருள் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது பத்தி, இது படம், இது அட்டவணை என்று ஒவ்வொன்றாக நீட்டும். நடுவில் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் உட்கார்ந்துகொண்டு, இதை விடு, இதை மாற்று, இதைத் தூக்கிப் போடு என்று சொல்லும். அந்த ஸ்கிரிப்டுகளுக்குத்தான் வடிகட்டி என்று பெயர். நாளடைவில் எழுதினவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அவர் எழுதியதிலேயே மிகச் சின்னது ஓரக்குறிப்புகளைத் தூக்கிப் போடுகிற ஸ்கிரிப்ட். எழுதுகிறவரும் பதிப்பாசிரியரும் கோப்பின் ஓரத்தில் கேள்வியும் பதிலுமாக எழுதிக்கொள்வார்கள். அதில் ஒரு எழுத்துகூட அச்சுக்குப் போய்விடக் கூடாது. ஓரக்குறிப்பா, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடு. அவ்வளவுதான் ஸ்கிரிப்ட்.

தூக்கிப் போடுவதற்கு முன்னால் அவர் அவற்றைப் படித்தார். முதலில் ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் படித்தார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்புதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர் உட்கார்ந்திருந்த அறையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் மாடியின் பின்கட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருக்கும் ஏசிப் பெட்டிகளும். கணினி கெட்டுப்போனால் ஒழிய அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது.

வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிகள் உட்கார்ந்திருந்தன. அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் கல்யாணப் பேச்சு வந்து வந்து போயிற்று. அம்மாவும் போன பிறகு, பேச்சு எடுக்க ஆளில்லை. தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசுவாள். பின்னணியில் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருப்பார்கள்.

"சாப்டியாண்ணா?"

"ஆச்சும்மா. நீ?"

"எங்க, இதுங்க விட்டாத்தானே? சரிண்ணா, வைக்கட்டுமா?"

வைத்துவிடுவாள். அவள்மேல் குறையில்லை. பாசம் இல்லாமலும் இல்லை. அதற்கு மேல் பேச இருவருக்கும் ஒன்றும் இருந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஓரக்குறிப்புகள்தான் மனிதர்கள் பேசுகிற சத்தம். அதிலும் தையலம்மாவின் கோப்பு வந்தால் அன்றைக்குக் காலையிலேயே முகம் தெளிந்துவிடும். தையலம்மா சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்த பெண்மணி. வீட்டில் தைக்கப் பழகுகிறவர்களுக்காக வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். பதிப்பாசிரியர் ஓரத்தில் கேட்பார்: "அக்கா, துணியை எந்தப் பக்கம் வச்சு மடிக்கணும்னு சொல்லவே இல்லியே?" தையலம்மா பதில் எழுதுவார்: "தம்பி, துணிக்கு ரெண்டே பக்கம். ஒண்ணுல தப்பா வந்தா இன்னொண்ணு." பதிப்பாசிரியர் விடமாட்டார்: "இப்படித் தச்சுத்தான் என் பேன்ட்டுல ஜிப் பின்னாடி வந்துச்சு." வடிகட்டி அந்தப் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுவார். அத்தனையும் ஒன்றுமில்லாமல் போகும்.

இத்தனைக்கும் அந்தப் பதிப்பாசிரியர் முதல் மாடியில்தான் இருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது, வடிகட்டி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தையல் புத்தகம் நல்லா வருது சார்" என்றார். பதிப்பாசிரியர் "ம்" என்றார். அதற்குமேல் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஓரத்தில் அவ்வளவு பேசுகிற மனிதர் நேரில் இப்படி உம்மணாமூஞ்சியாக இருப்பார் என்று யார் கண்டது?

பிறகு ஆள்குறைப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை பதிப்பாசிரியரின் நாற்காலி காலி. காலையில் வந்தவரை மதியத்துக்குள் கணக்கு முடித்துக் கை கழுவிவிட்டார்கள். இனிமேல் எழுதுகிறவர்களே கோப்பை நேராக அனுப்பலாம், கணினியே மாற்றி, பிழை பார்ப்பதற்கான மெய்ப்பை அவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிடும், நடுவில் ஆள் எதற்கு என்றார் மேலாளர். எழுதுகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்வது பதிப்பாசிரியர் வேலை, அவர்தான் இல்லையே.

தையலம்மாவின் புதுக் கோப்பு வந்தது. வீட்டிலேயே சட்டை தைப்பது பற்றிய புத்தகம். ஓரத்தில் வழக்கம்போலக் கேள்விகள். "தம்பி, இந்தப் படம் சரியா இருக்கா?" அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கணினி மெய்ப்பை அனுப்பிற்று. திருத்திய கோப்பு வந்தது, இன்னும் சில கேள்விகளோடு. அதற்கும் பதிலில்லை. கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். மூன்றாவது முறை வந்த கோப்பில், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டே சொல் இருந்தது.

"தம்பி, கோவமா?"

வடிகட்டி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். ஓட்டினால் அந்த இரண்டு சொல்லும் போய்விடும். அந்த அம்மாள், பதிப்பாசிரியர் தன்மேல் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். இதைப் படித்த ஒரே மனிதர் இவர், தூக்கிப் போடப் போகிறவரும் இவரே.

அன்றைக்கு ஸ்கிரிப்டில் கை வைத்தார். அனுப்புவது மெய்ப்பாக இருந்து, புத்தகம் தையலம்மாவுடையதாக இருந்தால், ஓரக்குறிப்புகளைத் தூக்கிப் போடாதே, பக்கத்தின் ஓரத்தில் காட்டு என்று மாற்றி எழுதினார். படம் போடுகிறவரும் பக்கம் கட்டுகிறவரும்கூடக் கோப்பில் ஏதேதோ கிறுக்கிவைப்பார்கள், அது அந்த அம்மாளுக்குப் போகக் கூடாது. அதனால் தையலம்மா பெயரிலும் பதிப்பாசிரியர் பெயரிலும் உள்ள குறிப்புகளை மட்டும் விடு என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார். பிறகு அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதி, ஓட்டிப் பார்த்தார்.

மெய்ப்பில் தையலம்மாவின் கேள்வி இருந்தது. பதிலைக் காணோம். அவர் எழுதினது அவர் பெயரில் அல்லவா பதிவாகியிருக்கும்! இரண்டு பேரை மட்டும் விடு என்று அவரே சொல்லிவைத்திருந்தார், அவருடைய பேச்சை அவருடைய வடிகட்டியே குப்பையில் போட்டுவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் வலித்தது.

மூன்றாவதாகத் தன் பெயரைச் சேர்ப்பது ஒரு சொல் வேலை. சேர்க்கத்தான் போனார். ஆனால் இந்தப் பெயர் அந்த அம்மாளுக்கு என்ன சொல்லும்? முன்பின் தெரியாத ஒருத்தன் இத்தனை நாள் எங்கள் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தானா என்று முகம் சுளிக்கமாட்டாரா? கடைசியில் அவர் நிபந்தனையை மாற்றவில்லை. குறிப்பில் தன் பெயர் இருந்த இடத்தில் பதிப்பாசிரியரின் பெயரைப் போட்டார்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வேலை ஜாஸ்தி. படம் சரி, அம்புக்குறி மட்டும் தலைகீழா நிக்குது."

அடுத்த கோப்பில் பதில் வந்தது. "அப்பாடா! நான்தான் ஏதோ வாய்த்துடுக்கா எழுதிட்டேனோன்னு ஊசில நூல்கூட கோக்க ஓடல. அம்புக்குறியை நேராக்கிட்டேன். நீங்களும் நேரா இருங்க."

பொய் என்று தெரிந்துதான் செய்தார், அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவரைப் பார்த்திருந்தால் யாருக்கும் திட்ட மனம் வந்திருக்காது. மனிதர் மாடிப்படி ஏறும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார். தையல் பற்றி ஒரு மண்ணும் தெரியாதே, என்ன கேட்பது என்று யோசித்து, ஊசி, நூல், கத்தரி எல்லாம் வாங்கிக்கொண்டுபோய், தலையணை உறையை வெட்டி, புத்தகத்தில் இருக்கிறபடியே காலர் தைத்துப் பார்த்தார். காலர் வரவில்லை, ஏதோ வவ்வால் மாதிரி வந்தது. மூன்று தலையணை உறை பாழான பிறகுதான் தெரிந்தது, முனையைத் திருப்புவதற்கு முன்னால் ஓரத்துணியைக் கத்தரிக்க வேண்டும் என்கிற இடம் புத்தகத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று. ஓரத்தில் எழுதினார்.

தையலம்மா துள்ளிவிட்டார். "அட! கைப்பழக்கத்துல எழுதாம விட்டிருக்கேன். இத்தனை புத்தகத்துல நீங்க நிஜமாவே தச்சுப் பாத்து சொன்னது இதான் மொத தடவ. உங்களுக்கு ஒரு சட்டை தச்சுத் தரணும் தம்பி. அளவு அனுப்புங்க. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே எடுங்க, அப்பத்தான் அந்த அத்தியாயமும் சரியான்னு தெரியும்."

சாயங்காலம் வீட்டில் டேப்பும் கையுமாக நின்றார். மார்பு, கழுத்து, உயரம் எல்லாம் வந்துவிட்டது. கையை அளந்தால் இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். இத்தனை வயதுக்கு அது அவருக்கே தெரியாது. தோளில்தான் வந்து மாட்டிக்கொண்டார். ஒரு தோள் எலும்பிலிருந்து முதுகு வழியாக மறு தோள் எலும்புவரை அளக்க வேண்டும். டேப்பின் ஒரு நுனியை இடது தோளில் வைத்து, வலது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனால் இடது நுனி நழுவிற்று. துணிக் கிளிப் போட்டுப் பார்த்தார். நுனியைக் கதவிடுக்கில் செருகிப் பார்த்தார். சுவரோடு முதுகை ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். தன்னந்தனி அறையில் ஒரு வயதான ஆம்பிளை தன் முதுகையே துரத்திக்கொண்டு சுற்றினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க என்று கேட்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதரிடம் போய் என் தோளை அளங்கள் என்றால் என்ன நினைப்பார்? ஏதோ ஒரு அளவு வந்தது. அதையே எழுதினார். இரண்டு கைக்கும் தனித்தனி அளவு கொடுத்தார். பெயரில் பொய் சொன்ன மனிதருக்கு அளவில் பொய் சொல்ல வரவில்லை. தொழில் புத்தி அப்படி.

புத்தகம் முடிந்தது. கடைசிக் கோப்பின் ஓரத்தில் தையலம்மா எழுதியிருந்தார்: "எல்லாம் சரி தம்பி, அச்சுக்கு விடலாம். சட்டை தயார். தபால்ல போட மனசு வரல. வர்ற புதன்கிழமை நானே கொண்டுவந்து தரேன். இத்தனை நாளா பேசறோம், மூஞ்சியைப் பாக்க வேணாமா?"

வடிகட்டி அதை மறுபடியும் படித்தார். அச்சுக்கு விடச் சொல்லிவிட்டால் கணினி இனி மெய்ப்பு அனுப்பாது. அவர் பேசுகிற ஒரே வாசல் அதுதான். மேலாளரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு மெய்ப்பு அனுப்பலாம். உட்கார்ந்து, 'அக்கா, நான் அவர் இல்லை' என்று எழுதினார். அழித்தார். 'வராதீங்க, வெளியூர் போறேன்' என்று எழுதினார். அதையும் அழித்தார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் இனி ஒரு வார்த்தை எழுதமாட்டார். சொல்லாவிட்டால் புதன்கிழமை வந்து நிற்பார். எப்படிப் பார்த்தாலும் பேச்சு முடிந்துபோயிற்று. "என்ன வடிகட்டி சார், இன்னும் விடலியா?" என்று மேலாளர் தலையை நீட்டினார். வடிகட்டி பொத்தானை அழுத்திவிட்டார். அந்த அறைக்குள் அவ்வளவு வெறுமை அதுவரை இருந்ததில்லை.

புதன்கிழமை வரவேற்பறைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. வேலையை விட்டுப் போன எடிட்டரைக் கேக்கறாங்க. அவர் போய் ரொம்ப நாளாச்சுன்னா நம்ப மாட்டேங்கறாங்க. போன வாரம்கூட எழுதினாராம். நீங்க கொஞ்சம் வர்றீங்களா?"

படி இறங்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். பதிப்பாசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிச் சட்டையை வாங்கிக்கொள்வது, அந்த அம்மாளை அனுப்பிவிடுவது. இன்னொரு பொய், அத்தோடு தீர்ந்தது. கோழைத்தனம்தான்.

தையலம்மா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தார். கையில் துணிப்பை. வடிகட்டி கற்பனை செய்ததைவிடக் குள்ளம்.

"அவர் இப்போ இங்க இல்லீங்க" என்றார் வடிகட்டி. "குடுத்தீங்கன்னா நான் சேத்துடறேன்."

"போயிட்டாரா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?"

தையலம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சரி என்று பையிலிருந்து சட்டைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வடிகட்டி இரண்டு கையையும் நீட்டினார். தையலம்மா கொடுக்கவில்லை. நீட்டின கைகளையே பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார். தைத்துத் தைத்துப் பழகின கண்.

"இடது கை நீளம்" என்றார்.

வடிகட்டி நீட்டின கைகளைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சட்டையை நான் பதினைஞ்சு நாளா மடியில வச்சுத் தச்சிருக்கேன். இது யார் உடம்புன்னு எனக்குத் தெரியாதா? நீங்கதானே எழுதினது?"

"ஆமாக்கா."

"எல்லாமே?"

"இந்தப் புத்தகம் மட்டும். அவரை ஆள்குறைப்புல அனுப்பிட்டாங்க. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க, பதில் சொல்ல ஆளில்ல. அதான்..."

"அப்போ கோவம் இல்லன்னு சொன்னதும் நீங்க."

"நான்தான்."

"அவருக்கு என்மேல கோவமா இல்லியான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

இத்தனை நாளில் அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை. தையலம்மாவின் கண் கலங்கியிருந்தது. "வேலை போன மனுஷனுக்கு ஆறுதலா நாலு வார்த்த சொல்லியிருப்பேன். அதுகூட இல்லாம, அவர் இருக்காருன்னு நினைச்சு இளிச்சுக்கிட்டிருந்திருக்கேன்."

"தப்புதாங்க. அவர் நம்பர் வாங்கித் தரேன். எப்படியாவது வாங்கித் தரேன்."

"தாங்க. இன்னிக்கே தாங்க." தையலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். போய்விடுவார் என்றுதான் வடிகட்டி நினைத்தார். அந்த அம்மாளோ பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையை உதறினார். "போடுங்க."

"வேணாங்க..."

"இன்னொருத்தருக்கு இது பொருந்தாது. போடுங்க."

போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். காலர் கச்சிதம். கைகள் இரண்டும் மணிக்கட்டில் வந்து அளவாக நின்றன. முதுகு மட்டும் இழுத்துப் பிடித்தது, கையைத் தூக்க முடியவில்லை. தையலம்மா சுற்றி வந்து பார்த்தார்.

"தோள் எப்படி இவ்ளோ சின்னதாச்சு? யார் அளந்தது?"

"நானே."

"தோளைத் தானே அளக்க முடியாதுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே! பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட டேப்பைக் குடுக்கக் கூடாதா?"

"பக்கத்துல யாரும் இல்லக்கா" என்றார் வடிகட்டி.

சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தார். குரல் ஏறி எங்கேயோ உடைந்துவிட்டது. இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட. வரவேற்பறைப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தையலம்மா பையைத் துழாவி டேப்பை எடுத்தார்.

"கழட்டுங்க. திரும்பி நில்லுங்க."

"இருக்கட்டும்க்கா, இதுவே..."

"திரும்புங்கன்னா. கோவம் போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. கோவம் வேற, தோள் வேற."

அவர் திரும்பினார். இடது தோள் எலும்பைத் தேடி ஒரு கட்டைவிரல் அழுந்தி நின்றது. இன்னொரு கை முதுகின் குறுக்கே டேப்பை நிதானமாகத் தடவிக்கொண்டு போயிற்று. அந்த முதுகில் வேறொருவர் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

"அசையாதீங்க" என்றார் தையலம்மா. "அசைஞ்சா அளவு தப்பா வரும்."

"அசையலக்கா" என்றார். அசையாமல் நிற்கத்தான் பார்த்தார். தோள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.